வெயில் வேண்டாத பவளம்

மார்ச் 9, ஞாயிறு

பவளம் வந்துவிட்டது. ஜோதிராமே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். தெர்மக்கோல் பெட்டி, அதற்குள் உப்புத் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பை, பைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாறைத் துண்டு. பாறை முழுக்க ஆரஞ்சு நிற மொக்குகள், இறுக மூடிக்கொண்டு.

ஜோதிராமுக்குக் கடை கிடையாது. வியாபாரமெல்லாம் போனில்தான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நடேசன் சார், போட்டோ கீட்டோ எடுத்து எங்கயும் போட்டுடாதீங்க. பவளம் வீட்ல வெச்சிருக்கிறது கேஸ். தெரியும்ல?"

தெரியும் என்றேன். மங்கை காதில் விழுந்துவிட்டது.

"கேஸாவுற சாமான் நம்ம வீட்டுக்குள்ள எதுக்குங்க?"

"மூணாவது மாடி. யார் வந்து பார்க்கப் போறா?"

மகள் மதுவந்தி வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனதிலிருந்து அவள் அறை சும்மாதான் கிடக்கிறது. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாலடித் தொட்டியை அங்கேதான் வைத்திருக்கிறேன். இதுவரை மீன்களும் ஒரு செவ்விறாலும் மட்டும். மீன் யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். சாதாரணப் பவளம்கூடப் பெரிய விஷயமில்லை. அதன் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது; விளக்கைப் போட்டால் பாசியே சமைத்துப் போட்டுவிடும். இதற்குச் சூரியப் பவளம் என்று பெயர், ஆனால் வெயிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். பாசி கிடையாது. ஒவ்வொரு வாயாகப் பார்த்து நாம்தான் ஊட்ட வேண்டும். ஊட்டாதவன் வீட்டில் இரண்டு மாதத்தில் எலும்புக்கூடுதான் மிஞ்சும் என்கிறார்கள்.

மார்ச் 10, திங்கள்

திறக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

திறந்தது!

இறால் துண்டு ஊறின தண்ணீரைக் கொஞ்சம் அதன்மேல் விட்டுவிட்டு விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு மொக்கு உப்பியது. பிறகு அதன் ஓரங்களிலிருந்து மெல்லிய மஞ்சள் விரல்கள். அடுத்தது, அடுத்தது. அரை மணியில் பாறையே சாமந்திச் செண்டு போல ஆகிவிட்டது. மங்கையைக் கூப்பிட்டேன். இறால் நாற்றம் என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், பொத்தின கையை எடுத்துவிட்டாள்.

நீளக் குழாய் வைத்த பீச்சாங்குழலில் பொடியாக நறுக்கிய இறாலை எடுத்து ஒவ்வொரு வாய்மேலும் மெதுவாக விட வேண்டும். வேகமாக விட்டால் மூடிக்கொள்ளும். விட்டதும் தொட்டியிலுள்ள செவ்விறால் ஓடிவந்து அதன் வாயிலிருந்தே பிடுங்கும். அதற்காகப் பிளாஸ்டிக் பாட்டிலை அறுத்து மேலே கூடாரம் போலக் கவிழ்த்திருக்கிறேன்.

நான் விட்டதில் இரண்டு மூடிக்கொண்டன. மங்கை வாங்கிச் செய்தாள். ஒன்றுகூட மூடவில்லை.

மார்ச் 29, சனி

கல்லூரி நூலகத்திலிருந்து வந்து புடவை மாற்றினதும் மங்கை நேராகத் தொட்டிக்குத்தான் போகிறாள். மாலை ஆறு மணிக்கு இரை என்று பழக்கியாகிவிட்டது. அவள் காலடிச் சத்தத்துக்கே அது திறப்பதாகச் சொல்கிறாள். காலடிக்கெல்லாம் திறக்காது, இரையின் வாசனைக்குத்தான் என்று விளக்கினேன். "இருக்கட்டுமே" என்றாள்.

இவ்வளவு தீனி போட்டால் தண்ணீர் கெடத்தான் செய்யும். வாரம் இருமுறை மாற்றுகிறேன். பாறையின் அடிப்பக்கம் தவிட்டு நிறத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி சில ஒட்டியிருந்தன, கூடவே வந்தவை. ஜோதிராமிடம் கேட்டேன். "அது பட்டன் சார், அதுவும் பவள ஜாதிதான். ஃப்ரீன்னு வெச்சுக்கோங்க" என்று சிரித்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம், வடை. மதுவந்தி வீடியோவில் வந்தாள். "என் ரூம்ல என்னப்பா ஊதா வெளிச்சம்?" என்றாள். மீன் தொட்டி என்றேன். அவளுக்கு அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை.

தண்ணீர் சூடாகக் கூடாது என்பதற்காக அந்த அறையில் ஏ.சி. எந்நேரமும் ஓடுகிறது. வீட்டில் மற்ற இடமெல்லாம் அடுப்பு. மங்கை தன் தலையணையை எடுத்துக்கொண்டு தொட்டி அறைக்கே படுக்கப் போய்விட்டாள். கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாளாம். எனக்குக் கூடத்து மின்விசிறியே போதும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பட்டன் பரவுகிறது. நாம் பவளத்துக்குப் போடுவதில் சிந்துவதை எல்லாம் தின்று கொழுக்கிறது. மூன்று பாறைகளைப் பிடித்துவிட்டது. சூரியப் பவளத்தின் ஓரத்து வாய்கள் இரண்டை மூடியே விட்டது. அவை இனித் திறக்காது. மங்கை அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். "ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள்.

இணையத்தில் தேடினேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தேய்த்தெடு என்கிறார் ஒருவர். கொதிநீர் ஊற்று என்கிறார் இன்னொருவர். அதற்குக் கீழேயே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், அதைத் தொடாதே, தேய்க்காதே, முக்கியமாகச் சூடு காட்டாதே, விஷம் என்று பெரிய எழுத்தில் கத்தியிருக்கிறார். தன் வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்களாம். இருபத்தைந்து வருடமாக இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். எரிந்த கிடங்கைப் பார்த்து நெருப்பு எங்கே பிடித்தது என்று சொல்வது என் தொழில். ஜனங்கள் ஒன்றை இன்னொன்றோடு எப்படி முடிச்சுப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மே 3, சனி

பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன். வழவழவென்று கோழை மாதிரி வந்தது. தொட்டி முழுக்கக் கலங்கிவிட்டது. மாலைக்குள் செவ்விறால் மல்லாந்துவிட்டது. ஆக்ஸிஜன் குறைந்திருக்கும்.

மே 4, ஞாயிறு

மங்கைக்கு இருமல். வாயெல்லாம் கசக்கிறது, இரும்பை நக்கினாற்போல் இருக்கிறது என்கிறாள். காப்பியைக் குடிக்க முடியாமல் தொட்டியில் கொட்டினாள். சமையல் தொட்டியில். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. வெளியே வெயில், உள்ளே ஏ.சி., உடம்பு என்ன செய்யும்.

எனக்கு விரல் நுனிகள் கொஞ்சம் மரத்திருக்கின்றன. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்கக் கை வைத்திருந்தேன்.

மே 10, சனி

மங்கைக்கு இருமல் விட்டுவிட்டது. ஏ.சி. மெக்கானிக்கை வரச்சொல்லி ஃபில்டரைக் கழுவவைத்தேன். "சுத்தமாத்தான் சார் இருக்கு" என்றான். என்றாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

"நீங்க அன்னிக்கு அதத் தேய்ச்சீங்களே, அன்னிலேர்ந்துதான்" என்றாள் மங்கை சாப்பிடும்போது.

"தேய்ச்சது நான். இருமல் உனக்கா?"

"நான்தானே அங்க படுத்திருந்தேன்."

தேய்த்த இடத்தில் பட்டன் இரு மடங்காக முளைத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே 17, சனி

இன்று முடித்துவிட்டேன்.

சூரியப் பவளம் இருந்த பகுதியை உளியால் பெயர்த்துத் தனியே வைத்தேன். மற்றப் பாறைகளை வாளியில் போட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்து சிங்க்கில் அடுக்கினேன். ஒரு பெரிய பாத்திரம் கொதிநீர் ஊற்றியதும் எல்லாம் சுருண்டு வெளுத்தன. ஆவி கிளம்பியது. அவித்த நத்தை போல ஒரு வாடை.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன். மதுரவாயல் கிடங்குத் தீ விவகாரம். கூடத்துக்குப் போய்ப் பேசினேன். இரண்டாவது பாத்திரம் கொதித்ததும் ஊற்றச் சொல்லி மங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் ஊற்றியிருக்கிறாள். பாறையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் ஊற்றியிருக்கிறாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

நான் வந்தபோது சிங்க் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சன்னலத் தொறங்க" என்றாள்.

திறந்தேன்.

மாலையில் பவளத்துக்கு நானே ஊட்டினேன். பெயர்த்ததில் பயந்து பாதிதான் திறந்தது. மங்கைக்குக் குளிர் ஜுரம். இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டுகிறது. காலெல்லாம் வலிக்கிறதாம். பாராசிட்டமால் கொடுத்தேன்.

மே 18, ஞாயிறு

விடிகாலையில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. தொடைகள் தன் பேச்சைக் கேட்கவில்லை என்றாள். ஆம்புலன்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவு. நிமோனியாவாக இருக்கலாம் என்கிறார்கள். மதுவந்திக்குச் சொல்லியாயிற்று.

மே 19, திங்கள்

டாக்டர் ரெஹானா என்று ஓர் இளம்பெண்தான் பார்க்கிறார். படுக்கை அருகிலேயே நின்று கேட்டார்.

"வீட்ல புதுசா ஏதாவது கெமிக்கல் உண்டா சார்? பூச்சி மருந்து, பெயின்ட், ஆசிட் மாதிரி?"

"இல்லை."

"கடல் மீன், நண்டு ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்லை."

"எதுவுமே வித்தியாசமா நடக்கலையா? வெறும் நிமோனியா மாதிரி எனக்குத் தெரியல. தசை உடையுற மாதிரி ரத்தத்துல காட்டுது. ஹார்ட் துடிப்பும் சரியா இல்ல. சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

இல்லை என்றேன்.

மீன் தொட்டி ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வீடுகளில் மீன் தொட்டி இருக்கிறது. அதைச் சொன்னால் என்ன மீன், என்ன பாறை என்று கேள்வி வளரும். பதிவு செய்வார்கள். ஆஸ்பத்திரியில் எழுதுவது எங்கெங்கோ போகும். கேஸ் என்று வந்தால் என் லைசென்ஸ் போய்விடும். நிறுவப்படாத ஒன்றைக் காரணம் என்று நான் எப்படிச் சொல்வது?

மங்கை கண் திறந்துதான் இருந்தாள். கை ஆக்ஸிஜன் முகமூடிப் பக்கம் போனது. நர்ஸ் பிடித்துக் கீழே இறக்கி வைத்தாள். போர்வை நழுவியிருந்தது. சரிசெய்தேன்.

மே 20, செவ்வாய்

காலையில் வீட்டுக்கு வந்தேன். பவளத்துக்கு இரண்டு நாளாக இரை இல்லை. ஊட்டினேன். பிறகு சிங்க்கை மூன்று தடவை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு. அவித்த பாறைகளைக் கோணியில் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன்.

மதுவந்தி புனேவிலிருந்து வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், முகம் கழுவினாள். "உங்களுக்குத் தோசை வார்க்கட்டுமாப்பா? மாவு இருக்கும்ல?" என்று சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"உள்ள போகாத" என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"ஏன்?"

"வெளியில வாங்கிக்கலாம்."

"ஏன்ப்பா உள்ள போகக் கூடாது?"

"ப்ளீச் போட்டுக் கழுவியிருக்கேன். நெடி."

"அம்மா ஐ.சி.யூ.ல இருக்காங்க. நீங்க சிங்க் கழுவிட்டு இருந்தீங்களா?"

நான் தொட்டி அறைக்குப் போய் விளக்கைப் பார்த்தேன். பின்னாலேயே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். உளியைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். அவள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டியதில்லை. சிலவற்றுக்குப் பதில் சொன்னேன். டாக்டரிடம் சொல்ல வேண்டாம், நானே தக்க சமயத்தில் சொல்கிறேன் என்றேன்.

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

மே 21, புதன்

டாக்டர் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

"அந்த பட்டன் பவளத்துல விஷம் இருக்கு சார். சுடுதண்ணி பட்டா ஆவியோட மூச்சுக்குள்ள போயிடும். நேத்து உங்க பொண்ணு சொன்ன பிறகுதான் படிச்சேன். இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்ல."

"அதுதான்னு உறுதியா சொல்ல முடியுமா?"

"மாத்து மருந்து கிடையாது. ஆனா முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா வேற எதையோ தேடிட்டு நான் ரெண்டு நாள வீணாக்கியிருக்க மாட்டேன்."

"கேஸ் ஏதாவது…"

"நான் போலீஸ் இல்ல சார்" என்று எழுந்துவிட்டார்.

மே 23, வெள்ளி

ஊட்டினேன். எல்லா வாயும் திறந்தது.

மே 25, ஞாயிறு

புதன்கிழமை போட்ட மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்களாம். மதுவந்திதான் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். தன்னை மாற்றிவிட என்னை வரச் சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மங்கை பாதியாகிவிட்டாள். தலையணையில் சாய்ந்தபடி நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தித்தான் பேச முடிகிறது. மதுவந்தி மருந்து வாங்கப் போனதும் கேட்டாள்:

"பவளம் எப்படி இருக்கு?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. எல்லாம் சொன்னேன். பெயர்த்த இடத்தில் சதை மூடி வருகிறது, ஓரத்தில் புதிதாக இரண்டு மொக்கு, இப்போது என் கைக்கும் பழகிவிட்டது, மூடிக்கொள்வதில்லை. அவள் கடைசி வரை கேட்டுக்கொண்டாள்.

பிறகு, "அந்த டாக்டர் கேட்டப்ப எனக்கு முழிப்பு இருந்தது" என்றாள்.

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

"மூணு தடவ கேட்டாங்க. நீங்க மூணு தடவையும் இல்லைன்னீங்க. நானே சொல்லலாம்னு மாஸ்க்க எடுக்கப் பார்த்தேன். நீங்க என்னைப் பார்த்தீங்க. பார்த்துட்டு போர்வைய இழுத்து விட்டீங்க."

"கேஸாயிடுமோன்னு பயந்துட்டேன் மங்கை."

"தெரியும்" என்றாள். "நானும் பயந்துட்டுத்தான் படுத்திருந்தேன்." கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. மதுவந்தி வரும்வரை நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

மங்கை திருச்சிக்குப் போகிறாள், தங்கை வீட்டுக்கு. இதயம் பலவீனமாக இருக்கிறது, மாடி ஏறக் கூடாது, மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே லிஃப்ட் இருக்கிறதே என்றேன். மதுவந்தி என் முகத்தைப் பார்க்காமல் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் வீட்டுக்கு வந்தாள். மங்கை காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று காருக்கு அருகில் போய்க் கேட்டேன்.

"பார்க்கலாங்க" என்றாள். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கோடைக்குத் திருச்சி இன்னும் மோசமாக இருக்கும், மோர் நிறையக் குடி என்றேன். தலையாட்டினாள்.

மதுவந்தி முன் சீட்டில் ஏறும்முன் என்னிடம் வந்தாள். "அந்தத் தொட்டியில இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிடுங்க. நீங்களா தொடாதீங்க, முறை தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டுச் செய்யச் சொல்லுங்க. ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது. அது வரைக்கும் அம்மா இங்க வரமாட்டாங்க."

"சரி" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

பின்பக்கக் கண்ணாடியில் பட்டன். இவ்வளவுக்குப் பிறகும் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு, கைக்குட்டை அகலத்துக்கு விரித்திருக்கிறது. சூரியப் பவளம் அதற்கு முன்னால் முழுதாகத் திறந்து நிற்கிறது. வந்த நாளிலிருந்து இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

மதுவந்தி போன் செய்தாள். இன்னும் இரண்டு நாள் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

உயிரோடு இருப்பதை ப்ளீச் ஊற்றிக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜோதிராமைக் கூப்பிட்டேன். வந்தார். மங்கை எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். தொட்டியைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"என்ன சார், இப்படித் தேத்தி வெச்சிட்டுக் குடுக்குறேங்கிறீங்க! வருத்தமா இல்ல?"

"இடம் பத்தல."

சூரியப் பவளத்தைப் பையில் போட்டுக் கட்டினார். பிறகு பின்கண்ணாடியைக் காட்டி, "இந்தப் பட்டனையும் எடுத்துக்கட்டுமா சார்? பழைய கார்டு வெச்சுச் சுரண்டினா பாய் மாதிரி வந்துடும். ஊதா வெளிச்சம் அடிச்சா பளபளன்னு இருக்கும், ஜனங்களுக்குப் பிடிக்கும்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெறுங்கையால்தான் சுரண்டினார். நான் கூடத்துக்கு வந்து நின்றுகொண்டேன்.

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"முகப்பேர்ல ஒரு பார்ட்டி சார். சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு, நடக்க முடியாது, எந்நேரமும் படுக்கைதான். பார்த்துட்டே இருக்கட்டும்னு அவ கட்டில் பக்கத்துலயே தொட்டி வெச்சிருக்காங்க. ஏ.சி. ரூம். நல்லா வளரும்."

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். சொன்னால் ஏன், எப்படித் தெரியும், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். அவர் நாலு பேரிடம் சொல்வார். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. பெட்டியைப் பத்திரமாக உள்ளே இறக்கி வைத்து, கதவு மூடுவதற்குள் ஒரு கையால் கும்பிட்டார்.

மதுவந்திக்குப் போன் போட்டு, ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அழித்தாயிற்று என்று சொன்னேன். "நீங்க எதையும் தொடலியே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.